என்கார்னா சொல்லாமல் விட்டது

கடலோர ஊரான காதிஸுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் என்கார்னாவின் வேலை. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தகவல் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் பேச்சைக் கேட்டு நடந்தவர் யாரும் கெட்டதில்லை என்று ஊரே சொல்லும். அவளும் அதை நம்பினாள்.

"கோட்டை வாசலுக்கு வெளியிலேயே காரை விட்டுடுங்க. உள்ள கொண்டுபோனா, அடுத்த வருஷம்தான் வெளிய வருவீங்க. ரெண்டு மணிக்குக் கடையெல்லாம் சாத்திடுவாங்க, அஞ்சரைக்குத்தான் திறப்பாங்க. ஒம்பதுக்கு முன்னாடி ராத்திரிச் சாப்பாடு கேட்டா, சமையக்காரன் சிரிப்பான்."

ஓர் ஆகஸ்ட் மாதம், கடலே இல்லாத அல்பசேத்தே பக்கத்திலிருந்து எவுசேபியோ என்பவர் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கடலையே பார்க்காத பிள்ளைம்மா. அலை இல்லாத இடமாச் சொல்லுங்க."

இரண்டு நாளாகக் கிழக்குக் காற்று. இந்த ஊரில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலையை அப்படியே அமுக்கிவிடும். என்கார்னா வரைபடத்தில் நீளக் கடற்கரையை நீல மையால் வட்டமிட்டாள்.

"இன்னைக்குத் தண்ணி தட்டு மாதிரி கிடக்கு. தாராளமாப் போங்க."

அந்தத் தட்டுத் தண்ணீர்தான் ஆளை விழுங்கும். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மிதக்கிற சாமான் எதையும் இங்கே யாரும் கடலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துகொள்கிற விஷயம். அதனால்தான் அதைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நெருப்பு சுடும் என்று யாராவது விருந்தாளியிடம் சொல்வார்களா?

எவுசேபியோ போகிற வழியில், தண்ணீரில் மிதக்கிற ஒரு காற்று மெத்தை வாங்கினார். மாலை எட்டு மணிக்குக் கடற்கரைக் காவலர்கள் கிளம்பிவிட்டார்கள். அங்கே கோடையில் ஒன்பது வரை பொழுது சாயாது; வெயில் இன்னும் இருந்தது. மெத்தையோடு குழந்தையைக் காற்று இழுத்துக்கொண்டு போக, அப்பா பின்னாலேயே நீந்தினார். குழந்தையை ஒரு மீன்பிடிப் படகு மீட்டது. அவர் உடல் மறுநாள் காலையில்தான் கிடைத்தது.

"அக்கா, வாயைத் திறக்காதீங்க. நீங்க சொன்னது யாருக்குத் தெரியும்? காவலர் போனப்புறம் இறங்கினது அந்தாளு தப்பு" என்றான் கூட வேலை பார்க்கும் ஃபெர்மின்.

அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. பேசாமல் இருந்தால் வேலையும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும். ஆனால் என்கார்னா கேட்கவில்லை. மதியம் எழுந்து, குழந்தையைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எவுசேபியோவின் மனைவி ஹொவிதா தகவல் கேட்டு ஊரிலிருந்து வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வரைபடம்.

"போன்ல எவ்வளவு சந்தோஷமாப் பேசினாரு தெரியுமா? ஒரு அம்மா நல்ல இடமாச் சொன்னாங்கன்னாரு."

"அந்த அம்மா நான்தான்" என்றாள் என்கார்னா. "காத்தைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்மா. அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

அடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். விழுந்திருந்தால் தேவலை. ஹொவிதா வரைபடத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க. என்ன சொல்லியிருக்கணும்?"

"இந்தக் காத்து அடிக்கறப்ப மிதக்கறது எதையும் எடுத்துட்டு இறங்காதீங்க. கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்."

ஹொவிதா காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா" என்றாள் என்கார்னா.