மேயர் திறந்த குழாய்

மேயராக இருந்து தூதரான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் இதில் வராது. எங்கள் சேலத்தில் நிழற்குடை, சாக்கடைப் பாலம், பூங்கா வாசல் என்று கண்ட கல்லிலெல்லாம் பெயரைப் பொறித்துக்கொண்டவர். இந்த ஓர் இடத்திலாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

மேயரான புதிதில், அஸ்தம்பட்டியை ஒட்டிய ஒரு தெருவில் அவர் குடிநீர்த் தொட்டி திறந்தார். நான் அப்போது மாநகராட்சிச் செய்திகளைக் கவனித்த நிருபர். மேளம், சால்வை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இருந்தன. அவர் குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது, பெண்கள் குடம் குடமாகப் பிடித்தார்கள். மற்ற நிருபர்கள் பொங்கலை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். விழா நடந்த இடத்துக்கு இன்னொரு முறை போய்ப் பார்ப்பது என் வழக்கம். அன்று மாலை போனேன். குழாயைத் திருகினால் காற்று வந்தது. தொட்டியோடு சேர்ந்திருக்க வேண்டிய பெரிய குழாய், சற்றுத் தள்ளி மண்ணில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

“விடியறதுக்கு முந்தி லாரி வந்து ஊத்திட்டுப் போச்சுங்க,” என்றார் எதிர்வீட்டுப் பெண். “லாரியப் பாத்துட்டுத்தான் நாங்க கொடத்தத் தூக்கிட்டு வந்தோம். மேயரப் பாக்க யாருங்க வந்தா?”

எழுதினேன், படத்தோடு வந்தது. மேயர் எங்கள் பத்திரிகை முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தார். எதிர்வீட்டுப் பெண், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். மேயரின் கட்சி ஆட்கள் அவர் வாசலிலேயே நின்றிருந்தார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் செய்தி உண்மைக்குப் புறம்பானது, வருந்துகிறோம் என்று பத்திரிகை கட்டம் கட்டி வெளியிட்டது. அந்த நான்கு வரியையும் என்னையே எழுதச் சொன்னார் முதலாளி. பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மோகனூருக்கு மாற்றினார்கள். பிடிக்காதவனைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றுவார்கள் என்பார்கள். எனக்குக் காவிரிக்கரை கிடைத்தது. கரும்பு அரவை, வாழைத்தார் விலை, ஆற்றில் வெள்ளம் என்று எழுதினேன். போய்ச் சேர்ந்த வாரமே டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

“ஏனுங்க, பொய்ச் சேதி எழுதுனது நீங்கதானுங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் பரிந்து வந்தார். “உடுங்க, பாவம். கெணத்துல மாடு உழுந்த சேதிய நல்லாத்தான எழுதியிருந்தாரு!”

சேலத்தில் என் மாமியார், மாப்பிள்ளை பத்திரிகையில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் செய்தி உண்மை என்று ஊர் கேட்க வேண்டும், அதுவும் அவர் வாயால்.

அவர் வளர்ந்துகொண்டே போனார். மேயர் பதவி முடிந்ததும் டெல்லியில் யாருக்கோ வேண்டியவரானார். ஒரு சின்னத் தீவு நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். கோட்டு போட்ட அவர் படத்தை மோகனூரில் உட்கார்ந்து பார்த்தேன். கோட்டு தோளில் சரியாக உட்காரவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். அப்போது வேறு கிடைக்கவில்லை.

நான் பத்திரிகை வேலையை விட்டேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளிகளுக்கும் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுப்பது தொழிலாயிற்று. அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும், என் பெயர் எங்கும் இருக்காது. தூதர் பதவி முடிந்து ஊர் திரும்பியவருக்கு அடுத்து எம்.பி. ஆக ஆசை. அதற்கு முன் ஒரு புத்தகம் வந்தால் நல்லது என்று நினைத்தார். ஒரு ரிக் முதலாளி என்னை அவரிடம் அனுப்பினார்.

ஜேடர்பாளையம் பக்கம் அவருடைய தோப்பு வீடு. “வாங்க சாமி, மொதல்ல சாப்புடுங்க,” என்று வறுத்த மீனை நகர்த்தி வைத்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று என் பத்திரிகை முதலாளியிடம் ‘அந்தப் பையன்’ என்றுதான் பேசினாராம், பெயரைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தது.

மூன்றாவது முறை போனபோது, தூதராகத் தான் செய்த சாமர்த்தியத்தைச் சொன்னார். நம் நாடு அந்தத் தீவுக்கு ஒரு குடிநீர்த் திட்டம் கட்டிக் கொடுத்தது. திறப்பு நாளில் மோட்டார் இன்னும் துறைமுகத்திலேயே கிடந்தது.

“நான் அசருவனுங்களா? நம்ம அஸ்தம்பட்டிப் பக்கம் பண்ணுனதத்தான் அங்கயும் பண்ணுனேன். விடியறதுக்குள்ள ரெண்டு லாரித் தண்ணி. அந்த நாட்டு மந்திரி கொழாயத் திருகறாரு, கொட்டுது!”

“அஸ்தம்பட்டில என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னார். “ஒரு பேப்பர்காரப் பையன் மட்டும் மோப்பம் புடிச்சுட்டான். அவனத் தூக்கி ஆத்தங்கரைல போட்டாச்சு,” என்று சிரித்தார்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அவரே படித்தார். “அப்படியே இருக்கட்டுமுங்க, சனங்களுக்குப் புடிக்கும்,” என்றார்.

வெளியீட்டு விழா சேலத்தில் நடந்தது. ஏற்புரையின்போது ஒரு பக்கம் வாசியுங்கள் என்று யோசனை சொன்னவன் நான். அஸ்தம்பட்டி லாரி வரும் பக்கத்தில் மயிலிறகு வைத்துக் கொடுத்தவனும் நான்தான். அவர் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் என் பழைய முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பித் தேடினார். நான் கடைசியில், கதவோரம் நின்றிருந்தேன். கும்பிட்டேன்.

அவர் வாசித்த காட்சி அன்றே ஊரில் எல்லார் செல்போனுக்கும் போயிற்று. யாரோ அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, இன்னும் காய்ந்தே நிற்கும் அந்தத் தொட்டியில், அவர் பெயர் பொறித்த கல் மேல் ஒட்டினார்கள். எம்.பி. சீட்டைக் கட்சி வேறு ஆளுக்குக் கொடுத்தது. பிறகுதான் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“என்ன சாமி இப்படிப் பண்ணீட்டீங்க! நான் அப்படிச் சொல்லவே இல்லீன்னு ஒரு மறுப்பு எழுதிக் குடுங்க. நாலு வரி போதும்.”

“எழுதலாமுங்க. முந்தி ஒருக்கா உங்களுக்காக எழுதியிருக்கேன், அதும் நாலு வரிதான். ஆனா இப்ப நீங்க வாசிச்சத ஊரே பாத்துடுச்சுங்களே.”

அவர் அந்தப் பக்கம் யாரிடமோ மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

“நீங்க... மோகனூருங்களா?”

“ஆமாங்க,” என்றேன். “அங்க கொழாயில நல்லாவே தண்ணி வந்துச்சுங்க.”