உயிர்நீத்தவை பட்டியலில் ஏழாவது

வெய் ஷூசென் தன் நாற்பத்திரண்டு வயதுக்குள் முழுதாகச் செய்து முடித்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சின்ன நிரல். தைவான் படிவத்தில் குடியரசு ஆண்டு நூற்றுப் பதினான்கு என்று எழுதினால், அதை இரண்டாயிரத்து இருபத்தைந்தாக மாற்றி இணையதளத்துக்குச் சொல்லும். ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தாள். பல் மருத்துவமனைகள், நூலகங்கள், நாய்களுக்குத் தடுப்பூசி பதியும் தளங்கள்கூட எடுத்துக்கொண்டன. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதில் அவள் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. திருத்தப் பிழை எதுவும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றைக் கூட்டுவதில் உலகம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவுமில்லை.

லியாவ் போஜுன் அப்படி நினைக்கவில்லை. தாய்சுங்கிலிருந்து செவ்வாய்தோறும் அவர் அனுப்பும் செய்திமடலைத் இப்படி நிரல்களை எல்லோருக்கும் திறந்து வைக்கிற, தீவு முழுக்க உள்ள திறந்தமூல ஆட்கள் காலை முட்டை ரொட்டியோடு சேர்த்து விழுங்குவார்கள். எந்தக் கருவி புதிது, எதை விட்டு ஓடவேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அவர் நிரல் எழுதி வெகுகாலம் ஆகிறது. தீர்ப்பு எழுதுவதற்கு அது ஒரு தடையல்ல. அந்தச் செவ்வாயன்று 'இந்த ஆண்டு உயிர்நீத்தவை' என்ற பட்டியலில் ஷூசெனின் நிரல் ஏழாவதாக இருந்தது.

பத்து மணிக்கு முன்பே, அவள் வேலைபார்க்கும் அலுவலகத்தின் மேலாளர் கே அவள் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஷூசென், உன் நிரல் செத்துப்போச்சாமே."

"இன்னிக்குக் காலையிலகூட நம்ம தளத்துல ஆறாயிரம் பேருக்குத் தேதி போட்டுக் கொடுத்திருக்கு சார்."

"அது சரி. ஆனா மடல்ல போட்டுட்டாங்களே. அடுத்த செவ்வாய்க்குள்ள பட்டியல்லேருந்து வெளிய வரலைன்னா நம்ம தளத்துலேருந்து எடுத்துடுவோம். அதுக்குப் பதிலா ஒண்ணு சொல்லியிருக்காரு பாரு, வாரத்துக்கு மூணு தடவை புதுப்பிக்கிறாங்களாம்."

"வாரத்துக்கு மூணு தடவை கோளாறு வருது சார். அதான்."

"பாத்தியா, எவ்வளவு அக்கறை."

இரங்கல் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒருவர் மலர்வளையத்தின் படம் அனுப்பியிருந்தார். நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அழுதவர் எவருமில்லை.

சனிக்கிழமை, திறந்தமூல ஆட்கள் கூடும் காப்பிக்கடையில் லியாவைப் பிடித்தாள். அவர் மடிக்கணினியின் மூடியில் ஒட்டியிருந்த படங்களில் பாதி, அவரே அடக்கம் செய்த கருவிகளுடையவை.

"லியாவ் அண்ணே, என்ன தப்பு இருக்குன்னு சொல்லுங்க. திருத்திடறேன்."

"தப்புன்னு யாரும்மா சொன்னா? தப்பு இருந்தா உயிரோட இருக்குன்னு போட்டிருப்பேனே. நான் பாக்கறது கடைசியா மாத்துன தேதியை மட்டும்தான். ரெண்டு வருஷம் தாண்டுனா, போயிடுச்சு."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"வாரம் நானூறு கருவி வருது. ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்தா மடலை எப்ப எழுதறது?"

"முடிஞ்ச வேலைன்னு ஒண்ணு கிடையாதா அண்ணே?"

லியாவ் உண்மையாகவே யோசித்தார். "அதுக்கு மடல்ல பகுதி இல்லையே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதையாவது மாத்திடு. ஒரு வெத்து வரி சேத்தாக்கூடப் போதும்."

திங்கட்கிழமை முழுவதும் அவள் அந்தக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இருபத்தெட்டு வரிகள். எடுக்கவும் சேர்க்கவும் ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்கு அதில் இருந்த பெருமை. அதைக் காப்பாற்ற அதையே கெடுக்கவேண்டியிருந்தது. மாலை ஆறு மணிக்கு, கடைசி வரிக்குக் கீழே ஒரு வெற்று வரியைச் சேர்த்தாள்.

மறுநாள் மடலில் 'மீண்டெழுந்தவை' என்ற தலைப்பில் முதல் இடம். மேலாளர் கே அவள் மேசையில் பால் தேநீர் வைத்துவிட்டுப் போனார். நிரல் முன்னைவிட வேகமாக ஓடுவதாகக் காவ்ஷியுங்கிலிருந்து ஒருவர் நன்றி எழுதியிருந்தார்.

ஷூசென் கோப்பைத் திறந்து பார்த்தாள். கீழே அந்த வரி, ஒன்றுமில்லாமல், கண்ணை உறுத்தியது. அழிக்கக் கை போனது. அழித்தால் அதுவும் ஒரு புதுப்பிப்பு என்று நினைவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சாகும்போது உதவுமே என்று விட்டுவைத்தாள்.