மேனேஜரின் எடை

அந்த வீட்டில் மேனேஜர் என்றால் நாய். வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உருட்டி, வருகிறவர் போகிறவரையெல்லாம் கணிக்கும். கையில் பை இருந்தால் மோந்து பார்க்காமல் உள்ளே விடாது. பெயர் வைத்தவள் மகள். கல்யாணமாகிப் போகும்போது, "அவங்க அம்மாவுக்கு நாய் முடி ஆகாதாம்மா" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை. துணியை வாங்கி எடை போட்டு, கிலோ கணக்கில் காசுக்குச் சீட்டு எழுதி, சாயம் போகிறதையும் போகாததையும் பிரித்து மெஷினில் போட வேண்டும். காலையிலிருந்து நின்ற நிலைதான். வீட்டுக்கு வரும்போது செருப்பின் வார் பதிந்த தடம் கணுக்காலில் பள்ளமாக இருக்கும். அதிகம் பேச மாட்டாள். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பாளே தவிர, வாய் திறப்பதற்குள் எதிராளி போய்விடுவார்.

நாய்க்கு வைத்தியச் செலவு வராமல் பார்த்துக்கொள்வதை அவள் இன்னொரு வேலையாகவே செய்து வந்தாள். காதைப் பஞ்சால் துடைத்துவிடுவாள். நகத்தை நுனி மட்டும் தானே வெட்டிவிடுவாள். உண்ணி சீப்பு ஒன்று ஜன்னலில் எப்போதும் இருக்கும். வெறிநாய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடும் நாளில் விடியற்காலையே வரிசையில் நின்றுவிடுவாள். ஒன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

பத்தாவது வருடம் மேனேஜர் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தது. சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. இனி வீட்டு வைத்தியம் சரிப்படாது என்று டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்றாள் அந்த டாக்டரம்மா. சின்ன வயதுதான், பேச்சில் பதவிசு. அம்மா பர்ஸை இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"வாரா வாரம் இங்க வந்து ஃபீஸ் கட்ட வேணாம்மா. மாத்திரை மருந்துக்கடையிலயே கிடைக்கும், அங்க விலையும் கம்மி. எங்கயாவது எடை மட்டும் பார்த்து போன்ல சொல்லுங்க. இப்ப பதினஞ்சு கிலோ இருக்கு. பதினாலுக்குக் கீழ இறங்கிச்சுன்னா ஒரு நாள்கூட தள்ளிப் போடாம தூக்கிட்டு வந்துடணும். அதுல ஏமாந்தோம்னா அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்."

எடை பார்ப்பதற்கு அவள் எங்கே போக வேண்டும்? முதலாளி மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில், அவள் வீட்டுக்காரர் தான் ஓட்டும் பள்ளி வேனில் நாயைக் கொண்டுவந்து இறக்குவார். அவள் அதைத் தூக்கிச் சலவைக் கடைத் தராசில் உட்கார வைப்பாள்.

"அக்கா, மேனேஜருக்கும் சீட்டு எழுதிடு. கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கு, பிரிச்சுத்தான் போடணும்" என்பாள் இஸ்திரி போடுகிறவள்.

முதல் வாரம் பதினைந்தரை காட்டியது. மாத்திரை பிடித்துவிட்டது என்று அன்றைக்கு அவளுக்குக் கால்வலிகூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் பதினைந்து. மூன்றாவது வாரம் பதினாலே முக்கால், நான்காவது வாரம் பதினாலரை. ஒவ்வொரு முறையும் போனில் அதைச் சொல்லிவிட்டு, பதினாலு என்ற கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது என்று மூச்சுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, ரெண்டு ஓட்டை உள்ள தள்ளிட்டேன். அப்பவும் காது வழியா கழண்டு வருது."

"எடை அவ்வளவு ஒண்ணும் குறையலையே."

"உன் தராசு ஒண்ணு சொல்லுது, இந்தப் பட்டை ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு புளுகுது."

"தோல் பட்டைதானே, தண்ணி பட்டு நீண்டிருக்கும்" என்றாள். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலை ஒரு அம்மாள் போர்வைகளைக் கொண்டுவந்து போட்டாள். எடையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அஞ்சு கிலோவா? வீட்ல போட்டுப் பார்த்தப்ப நாலுதாங்க இருந்துச்சு."

"இந்தத் தராசு காட்டுறதுதாங்க எடை."

பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிற பதில்தான். சொல்லிவிட்டுச் சீட்டில் ஐந்து என்று எழுதப் போனவளின் கை நின்றுவிட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே முதலாளி அந்தத் தராசில் வேலை செய்து வைத்திருந்தார். காலியாக இருந்தால் ஒழுங்காகப் பூஜ்யம் காட்டும். எதையாவது வைத்தால் ஒரு கிலோவைச் சேர்த்துக்கொள்ளும். கடையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்து தெரிந்து, அது பொய் என்கிற நினைப்பே அவளுக்குத் தேய்ந்துபோயிருந்தது. பதினாலே முக்காலில் ஒன்று போனால்? போன வாரமே கோட்டுக்குக் கீழே.

பேனாவை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஏய், பாதி வேலையில எங்க போற?" என்றார் முதலாளி.

"நாய்க்கு முடியலைங்க."

"நாய்க்கா? எனக்கே டாக்டரைப் பார்க்க நேரமில்ல, நீ நாய்க்குப் போறியா?"

அவள் நிற்கவில்லை. வீட்டுக்காரரை வேனோடு வரச்சொல்லி, நாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மாவின் தராசு பதின்மூன்றரை காட்டியது. டாக்டரம்மா நோட்டைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"நேத்துதானே பதினாலரைன்னு சொன்னீங்க? ஒரே நாள்ல ஒரு கிலோ எப்படிம்மா குறையும்?"

வாய் திறக்காமலே தப்பித்துக்கொள்வதுதான் அம்மாவின் வழக்கம். மேசை மேல் மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. யார் வந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எங்க கடைத் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டும் டாக்டரம்மா. நான் சொன்னது எல்லாத்துலயும் ஒண்ணைக் கழிச்சுக்குங்க."

"தெரிஞ்சேவா அதுல போட்டீங்க?"

"தெரியும். ஞாபகத்துல இல்ல."

ஊசி எடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் நிமிர்ந்தார். "மேடம், நம்ம டவலெல்லாம் அந்தக் கடைக்குத்தான சலவைக்குப் போகுது?"

"அது கிடக்கட்டும், முதல்ல சலைனை எடுங்க" என்றாள் டாக்டரம்மா. நோட்டில் பழைய எண்களை ஒவ்வொன்றாக அடித்து மாற்றி எழுதினாள்.

"ஒரு வாரம் வீணாப் போச்சும்மா. முன்ன மாதிரி ஆகாது. ஆனா தினம் சலைன் ஏத்தினா இன்னும் கொஞ்ச காலம் வலியில்லாம இருக்கும்."

தினம் என்ற சொல்லில் வீட்டுக்காரரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க வர வேணாம். தோலுக்கு அடியில போடுறதுதான், வீட்லயே போடலாம். பாட்டில் காசு மட்டும்தான். யாரு போடுறீங்க?"

"இவரு ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்குவாரு. நானே போடுறேன்" என்றாள்.

தோள்பட்டைத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னாள் டாக்டரம்மா. முதல் தடவை ஊசி அந்தப் பக்கம் வெளியே வந்து, முடியெல்லாம் நனைந்தது. மேனேஜர் அப்போதுதான் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது.

"இருடா, இரு. கத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள்.

இரண்டாவது தடவை சரியாக இறங்கியது. தோலுக்கடியில் தண்ணீர் சேர்ந்து மெல்ல ஒரு வீக்கம் புடைத்தது. பாட்டில் பாதியாகும்வரை நிற்க வேண்டும் என்றார்கள். நின்றாள்.