வரிக்கோட்டும் அரை லீற்றர் பாலும்

1. போத்தில் பிரஷ்

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கிச்சினில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பதினொரு வருடம் சூப்பர்வைசர். ஒரு ட்ரேயில் சோறு எத்தனை கிராம், கோழி எத்தனை துண்டு என்று பார்ப்பது என் பொறுப்பு. ஐந்து கிராம் கூடினாலும் திருப்பி அனுப்புவேன். வேலையாட்கள் என் முதுகுக்குப் பின்னால் ‘தராசு அண்ணை’ என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை.

ஓய்வு பெற்றதும் ஸ்காபரோ வீட்டில் மனைவி ரெஜினாவின் சமையலில் தலையிடத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் மகள், கென்யாவில் தாயில்லாக் காட்டு விலங்குக் குட்டிகளை வளர்க்கும் ஒரு சரணாலயத்தில் ஆறு வாரத் தொண்டு வேலைக்கு என் பெயரைப் பதிந்துவிட்டாள். ரெஜினா அன்றைக்கே பெட்டி அடுக்கிவிட்டாள்.

சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போவதாகக் கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். முதல் நாள், குட்டிகளுக்குப் பொறுப்பான மேர்சி என் கையில் தந்தது போத்தில் கழுவும் பிரஷ். அவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். என் இருபத்து நான்கு வருட அனுபவத்தை ஆங்கிலத்தில் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் போத்தில்கள் சுத்தமாக இருக்கும் என்றாள். இரண்டு வாரம் கழுவினேன்.

2. கோட்டு

மூன்றாம் வாரம் ஒரு வரிக்குதிரைக் குட்டி வந்தது. தாயைச் சிங்கம் தின்றுவிட்டதாம். பஹாத்தி என்று பெயர் வைத்தார்கள். வரிக்குதிரைக் குட்டி ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டால், அந்த ஆள் லீவில் போகும்போது பால் குடிக்காமல் கிடக்கும். அதனால் பால் கொடுப்பவர்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளை வரி போட்ட ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பகல் போத்தில்கள் மூன்றும் என் பொறுப்பில் வந்தன.

கோட்டு என் வயிற்றுக்குப் பொருந்தவில்லை. கடைசி இரண்டு பட்டனையும் திறந்துவிட்டு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ‘கோட்டு நல்லாத்தான் இருக்கு. முகம் தெரியாம எடுத்திருக்கலாம்’ என்று ரெஜினா எழுதினாள்.

மேர்சி சொன்னது மூன்றே விஷயம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு லீற்றர். கொடுத்ததைச் சார்ட்டில் எழுத வேண்டும். முடிந்த பிறகும் குட்டி கேட்கும், முட்டும், கத்தும், கொடுத்துவிடாதே என்றாள். எனக்கா அளவு சொல்லித் தருகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

3. அரை லீற்றர்

அன்று பின்னேரம் வீடியோவில் குட்டியை ரெஜினாவுக்குக் காட்டினேன். வெறும் போத்திலை அது சூப்பிக்கொண்டிருந்தது.

“எலும்பும் தோலுமாக் கிடக்கு. இன்னும் கேக்குதெல்லே?” என்றாள். “உங்கட தராசை உங்கையும் கொண்டு போயிட்டியளோ?”

எங்கள் வீடுகளில் விருந்தாளி ‘காணும், போதும்’ என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோப்பையைக் கையால் மறைத்தால் விரலுக்கு மேலேயே சோறு விழும். இந்தக் குட்டியோ காணும் என்றுகூடச் சொல்லவில்லை. தராசு அண்ணை தோற்றுப் போனார். மறுநாள் தொடக்கம் ஒவ்வொரு போத்திலுக்கும் பிறகு அரை லீற்றர் கூடக் கரைத்துக் கொடுத்தேன். சார்ட்டில் ‘ஒரு லீற்றர்’ என்று மணி மணியான எழுத்தில் எழுதினேன்.

இந்த இடத்தில் சாந்தியைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கிச்சினில் வேலை செய்தவள். பிரிட்ஜின் சூட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். அவள் ஒரு நாள் காலையிலேயே பின்னேரம் வரைக்கும் நாலு, நாலு, நாலு என்று நிரப்பி வைத்திருந்தாள். நான் நேரே மனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை போய்விட்டது. “ஒருக்கா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். லொக் புத்தகத்தில் பொய் எழுதுகிற ஆள் கிச்சினுக்கு உதவாது என்று மற்றவர்களுக்கு ஒரு பிரசங்கமும் வைத்தேன்.

4. சார்ட்

மூன்றாம் நாள் காலை பஹாத்தி எழும்பவில்லை. கடுமையான வயிற்றோட்டம். கண் குழிவிழுந்திருந்தது. இந்த வயதுக் குட்டி உடம்பில் தண்ணீர் வற்றினால் ஒரு நாளிலேயே செத்துப்போகும் என்று மேர்சி சொன்னாள்.

மிருக வைத்தியர் வந்து முதலில் சார்ட்டைக் கேட்டார். அளவில் பிழை இல்லை, அதனால் இது பாலால் வந்ததல்ல, தொற்றாக இருக்கும் என்றார். இவ்வளவு ஒழுங்கான சார்ட்டைத் தான் அங்கே கண்டதில்லை என்று என்னைப் பாராட்டவும் செய்தார். ஊசிக்குள் மருந்தை எடுத்தார். குட்டி ஏற்கெனவே களைத்திருக்கிறது, இந்த மருந்தைத் தாங்குமோ தெரியாது என்றும் சொன்னார்.

வாயைத் திறந்தால் மானம் போகும். மகளுக்குத் தெரியவரும், கோயிலில் தெரியவரும். மூடினால் குட்டி போகும். வெட்கத்தோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உடனே சொல்லவில்லை. அவர் ஊசியோடு குனியும் வரைக்கும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சொன்னேன். இரண்டு நாள், ஆறு போத்தில், ஒவ்வொன்றிலும் அரை லீற்றர் கூடுதல்.

வைத்தியர் ஊசியை வைத்துவிட்டார். பாலை நிறுத்தி உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேர்சி சார்ட்டை எடுத்தாள். என் ஆறு பதிவுகளையும் ஒவ்வொரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் ‘ஒன்றரை’ என்று எழுதி, என்னிடம் பேனையைத் தந்தாள். ஆறு இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

நானாகவே கோட்டைக் கழற்றத் தொடங்கினேன். மேர்சி தடுத்தாள். உனக்குப் பயம் வந்துவிட்டது, இனி நீ அளப்பாய், நாளைக் காலைப் போத்திலும் உன்னுடையதுதான் என்றாள். இவ்வளவு வயதுக்குப் பிறகு வரிக்கோட்டோடு நின்று அழுதேன்.

மறுநாள் மத்தியானம் குட்டி எழும்பி நின்றது. பட்டன் போடாத இடத்தில் முட்டியது.

5. ஒரு போன்

ஸ்காபரோவுக்கு வந்ததும் எல்லோரும் சிங்கத்தைத்தான் விசாரித்தார்கள். போத்தில் கழுவினேன் என்று சொன்னேன். பிறகு சாந்தியின் நம்பரைத் தேடி எடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லி, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். குட்டிக்கு இப்போது சுகமோ என்று விசாரித்தாள். சுகம் என்றேன்.

இப்போது சூப்பர்வைசராக இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிழையாக எழுதிய ஆளைக் கண்டால், பேனையை அவர் கையிலேயே கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாளும் வேலைக்குக் கூப்பிடுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்து நான்கு வருடமும் ஒரு வரிக்குதிரையும் தேவைப்பட்டன. சாந்தி அதே போனில் அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

“உங்களுக்கு அடுத்த நாளும் போத்திலைக் கையில தந்திருக்கினம் அண்ணை. எனக்கு ஆர் தந்தது?”

ஒருவரும் தரவில்லை என்றேன். நான்தான் தந்திருக்க வேண்டும் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.