பச்சை மரத்து நாற்காலி

கூடலூரில் எங்கள் ஜீப்புக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிர்வீட்டு வாசலில் செல்வி என்ற பெண் நாற்காலி செய்துகொண்டிருக்கிறார். புதிதாய் வெட்டிய பூவரசில் சீவிய கால்களில் ஈரம் இருக்கிறது. அவற்றின் துளையில் காய்ந்த குறுக்குக்கட்டையை அடித்து இறக்குகிறார்.

"ஆணி வேண்டாமா?" என்கிறேன்.

"வேணாம்ணே. பச்சைக் காலு காயக் காய இறுக்கிப் பிடிச்சுக்கிரும்."

தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த அவருடைய கணவர் பக்கத்தில் இருக்கிறார். எப்போது எழுந்தாலும் அவரை யாராவது தூக்கிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் செல்வி அவரைப் புது நாற்காலியில் உட்கார வைத்து விலகி நிற்கிறார். கணவர் கைப்பிடிகளை அழுத்துகிறார். நாற்காலி அசையவில்லை. மெல்லத் தானாகவே எழுந்துவிடுகிறார்.

"எந்திரிச்சுட்டாக, பாத்தீகளா!" செல்வி என்னைப் பார்த்துக் கூவுகிறார்.

ஜீப் கிளம்பும்போது கணவர் மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுகிறார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "எம் பொண்டாட்டி செஞ்சது!"