புழு வீட்டுக் குடித்தனம்

ஜோதியம்மாளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள்; உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தாளென்றால் எழுப்ப ஊரில் ஆள் கிடையாது. சாமல்பட்டியில் பிறந்து மூக்கண்டப்பள்ளிக்குப் பிழைக்க வந்த அந்த மகராசி, ஒரு வீட்டைப் பிடித்ததே அப்படி உட்கார்ந்துதான்.

அறுபத்தெட்டாம் வருஷம். பெங்களூர் ரோட்டோரம் புதிதாக வந்த நட்டு போல்ட்டுப் பட்டறையில் அவள் புருஷன் கரியப்பனுக்கு வேலை கிடைத்தது. வேலைதான் கிடைத்தது, தலை சாய்க்க இடம் கிடைக்கவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும், "பட்டறைக்காரனா?" என்று கேட்டுவிட்டு வாடகையை வாய்க்கு வந்தபடி ஏற்றினார்கள். அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

கடைசியில் நாராயணம்மா இடம் கொடுத்தாள். தெலுங்குக்காரி, மல்பெரித் தோட்டத்தையும் மாடு கன்றையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவள். அவள் கொடுத்தது பட்டுப்புழு வளர்க்கிற வீடு. புழு இல்லாத நாளில் மனுஷர் இருக்கலாம். புழு வந்துவிட்டால் மனுஷர் கிளம்பிவிட வேண்டும்.

புழு வரும்போதெல்லாம் ஜோதியம்மாள் சட்டிபானையைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். ஒரு தடவை கோயில் மண்டபம். ஒரு தடவை பட்டறையின் கரிக் கொட்டாய். அங்கே ஏற்கெனவே பிரகாசம் படுத்திருந்தான். கரியப்பனோடு வேலை செய்கிறவன். அவன் பெண்சாதி அருள்மேரி இடமில்லாத குறைக்குத் தேன்கனிக்கோட்டையிலேயே கிடந்தாள்.

அடுத்த தடவை மூட்டை கட்டியபோது கரியப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"ஏ புள்ளே, மழைக்காலம் வருது. நீ சாமல்பட்டிக்குக் கெளம்பிடு. எடம் கெடச்சதும் கூப்புட்டுக்கறேன்."

"பிரகாசம் அண்ணனும் இப்பிடித்தான் சொல்லிட்டு வந்தாரு. அருள்மேரி இன்னும் வழிய பாத்துக்கிட்டே நிக்குது. நான் போவமாட்டேன்."

சொல்லிவிட்டுப் புழு வீட்டு வாசற்படியில் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டாள். இலைக் கூடையோடு வந்த நாராயணம்மாவுக்கு உள்ளே போக வழியில்லை.

"எந்திரி ஜோதி. புழு வருது."

"வரட்டும் அக்கா. நான் ஒரு மூலையில இருந்துக்கறேன்."

"நீ தாளிச்சா அந்த நெடியில என் புழு செத்துடும்."

"தாளிக்கல."

"கருவாடு?"

ஜோதியம்மாள் எச்சிலை விழுங்கினாள். கருவாடென்றால் அவளுக்கு உயிர். "அதையுந்தான் விட்டுட்டேன்."

"உன் புருஷன் மேல மிசின் எண்ணெ நாத்தம்!"

"அவரு வேப்பமரத்தடியில படுத்துக்குவாரு."

கரியப்பன் பக்கத்தில்தான் நின்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

"தேவுடா! சரி, இந்தப் புழு கூடு கட்டற வரைக்குந்தான். கூடு சந்தைக்குப் போற அன்னிக்கு நீ ஊருக்குப் போயிடணும்."

அன்றிலிருந்து ஜோதியம்மாள் புழுவுக்கு இலை போட்டாள், தட்டு மாற்றினாள், தானும் தாளிக்காத கீரையைக் கடைந்து களியோடு தின்றாள். புழுக்கள் இலையைத் தின்கிற சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்கும். அந்தச் சத்தம் ஒரு நாள் காலையில் நின்றுபோயிற்று. புழு பழுத்துவிட்டது. தின்னாமல் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி மின்னியது. இனி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மூங்கில் பின்னிய சந்திரிகைத் தட்டில் அன்றைக்கே விட்டாக வேண்டும். தவறினால் குப்பை இலையிலேயே கூடு கட்டி, பட்டு பாழாகிவிடும்.

வருஷா வருஷம் அதற்கு ஊர்ப் பெண்கள் வருவார்கள். இப்போது நாராயணம்மா தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தாள். புதுப் பட்டறைகளுக்குச் செங்கல் சுமக்க எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டித் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பட்டறையில காலை ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊதற நேரந்தான். நம்ம ஆளுங்கள கூட்டியாரட்டுமா?"

"அந்த எண்ணெச் சட்டிங்களயா?"

"குளிப்பாட்டிக் கூட்டியாறேன்."

கிணற்றடியில் அன்றைக்கு நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறை ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். பீடிக்கட்டெல்லாம் கிணற்று மேட்டில் ஏறிற்று. ஜோதியம்மாள் ஒவ்வொரு உள்ளங்கையாக மோந்து பார்த்தாள்.

"பிரகாசம் அண்ணா, இன்னொரு வாட்டி தேய்ங்க."

"எங் கல்யாணத்துக்குக்கூட நான் இப்பிடி குளிக்கல தாயே!"

நட்டு பொறுக்கிப் பழகின கைகள் புழு பொறுக்கின. பொழுது சாய்வதற்குள் தட்டெல்லாம் நிறைந்துவிட்டது. நாராயணம்மாவுக்கு மூச்சு வந்தது.

"கூலி என்ன வேணும், கேளுங்க."

எல்லாரும் ஜோதியம்மாளைப் பார்த்தார்கள். அவள் களத்துமேட்டில் அடுக்கியிருந்த கல் பலகைகளின்மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"கூலி வேணாம் அக்கா. இந்தக் கல்லு வேணும். அத வீடா நிறுத்தறதுக்குத் தோட்டத்து ஓரத்துல கொஞ்சம் எடமும் வேணும்."

"அது மாட்டுக் கொட்டாய்க்கு வாங்கின கல்லு!"

"அடுத்த தடவ புழு பழுத்தா மாடா வந்து பொறுக்கும்? நாங்க இங்கியே இருந்தா கூப்புட்ட கொரலுக்கு ஓடியாருவோம். சுவரு நாங்களே நிறுத்திக்கறோம். வாடகையும் குடுக்கறோம். எங்களால முடிஞ்ச வாடகை. அத நீங்க ஏத்தக்கூடாது."

நாராயணம்மா மாட்டைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "மொதல்ல நீ எந்திரி."

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

நாராயணம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கட்டித் தொலைங்க! ஆனா புழு இருக்கறப்ப கருவாடு வாசம் வந்துச்சோ, கல்ல பேத்துடுவேன்."

கூடு முற்றுவதற்குள், லீவு நாளிலும் சங்கு ஊதின பிறகும் குழி தோண்டி, கல் பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள், மேலேயும் கல்லே. ஒட்டியொட்டி அறைகள் எழும்பின. தேன்கனிக்கோட்டை பஸ்ஸிலிருந்து அருள்மேரி அண்டாவோடு இறங்கியபோது பிரகாசம் ஓடிப்போய் அண்டாவை வாங்கிக்கொண்டான். கரிக் கொட்டாயில் படுத்துக் கறுத்திருந்த முகத்தில் பல்மட்டும் தெரிந்தது.

கூடு ஏற்றின வண்டி அன்றைக்குச் சந்தைக்குக் கிளம்பிற்று. ஜோதியம்மாள் சாமல்பட்டிக்குப் போக வேண்டிய நாள் அது. வண்டி முக்குத் திரும்பினதுதான் தாமதம், அந்த வரிசையில் எல்லா அடுப்பிலும் கருவாடு ஏறிவிட்டது. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நாராயணம்மா வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாளென்று கரியப்பன் பயந்துபோனான்.

அவள் முந்தானையை எடுத்துவிட்டு, மடியிலிருந்த கிண்ணத்தை நீட்டினாள்.

"குழம்பும் ரெண்டு துண்டும் போடு ஜோதி. எத்தன நாளுதான் நானும் பொறுத்துக்கிட்டிருப்பேன்?"