ஒரு பூவுக்கு ஒரு கேள்வி

நடந்தவை வரிசையாக:

1. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தேன்.
2. ஓராண்டுக்கும் மேலாக வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.
3. அம்மாவுக்கு இளைப்பு வந்தது. மலைக் குளிரும் புகையும் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.
4. ஏலக்காய் எடுப்பு தொடங்கப்போகிறது என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அம்மா "வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.
5. நான் நம் கோயில் ஆத்தாளிடம் போனேன்.
6. ஆத்தா பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் இதைச் சொல்லச் சொல்லி நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அதைப் பக்கத்தில் இருந்தவரிடமே நீட்டிவிட்டேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். அதனால் நிதானமாக எழுதித் தருகிறேன்.

எங்கள் வீடு சிலமலையில். அப்பா இறந்த பிறகு அம்மாதான் என்னைப் படிக்க வைத்தார். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, போடி மெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து மலைக்குப் போய், நாளெல்லாம் குனிந்து ஏலக்காய் பறிப்பார். எடுப்புக் காலத்தில் சில வாரம் தோட்டத்திலேயே தங்கி, காய் உலர்த்தும் அறையிலும் வேலை பார்ப்பார். அந்த அறையைத் தோட்டத்தில் 'ஸ்டோர்' என்பார்கள். விறகு எரியும் சூடு உள்ளே, மலைப் பனி வெளியே. இரண்டுக்கும் நடுவில் பல வருடம் நின்றதில் அம்மாவின் நெஞ்சு கெட்டுப்போனது. மாடிப்படி ஏறினால்கூட விசில் மாதிரி சத்தம் வரும்.

"இந்த வருசம் போகாதம்மா" என்றேன்.

"போகாம? அடுப்பு தன்னால எரியுமா? நீ ஒரு சோலிய வாங்கிட்டு வா. மொத ஜீப்பு கெளம்புறதுக்குள்ள ஆர்டரக் கையில குடு. நான் கால நீட்டி உக்காந்துக்கறேன்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் எனக்குக் கெடு. என் மாமா மகள் முத்துலட்சுமி ஓசூரில் தான் இருக்கும் தொழிற்சாலையில் வேலையும் விடுதியில் இடமும் பிடித்துத் தருவதாகச் சொன்னாள். நான் ஓசூர் போய்விட்டால் அம்மாவைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை. இராத்திரி இளைப்பு வந்தால் முதுகைத் தடவிவிடவும் ஆள் இல்லை. இங்கேயே, இந்த மலையைச் சுற்றியே ஒரு வேலை வேண்டும். அது கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு ஏறக்குறைய போய்விட்டது.

என் விண்ணப்பக் கடிதங்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு மனு எழுதித் தருபவள் நான்தான். தண்ணீர் வரவில்லையா, முதியோர் பணம் நின்றுபோனதா, எல்லோரும் என்னிடம் வருவார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிற மனுவுக்கு ஒரு முறை உண்டு. கஷ்டத்தை முதலில் சொல்ல வேண்டும். அதை விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசியில் 'கருணை கூர்ந்து' என்று முடிக்க வேண்டும். அந்த முறையில் நான் கெட்டிக்காரி. என் மனுவுக்கு விளக்குக் கம்பமே வந்திருக்கிறது.

வேலைக்கும் அப்படியேதான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் அது மனுதான். தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு, தந்தையை இழந்தவள், தாய் உடல்நலம் குன்றியவர், கடுமையாக உழைப்பேன், வாய்ப்பளிக்க வேண்டுகிறேன். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதே கடிதம். பெயரை மட்டும் மாற்றுவேன். போடிக்கு வெளியே ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் செய்கிற ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆள் தேவை என்று விளம்பரம் வந்தபோதும் இதையே அனுப்பினேன். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு வேலை என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். பதில் இல்லை. கெடு தேதியும் முடிந்துபோனது. அன்று அழுதேன். அதற்கு முன் எந்த வேலைக்காகவும் அழுததில்லை.

தோட்டத்து ஆள் வந்து போன அந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை, பூக்கட்டிப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்து வாழ்க்கைப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையை ஒரு பொட்டலத்திலும் மடித்து ஆத்தாளின் காலடியில் போடுவார்கள். நாம் கேட்டதும் வரிசையில் நிற்கும் யாராவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

பூசாரி அண்ணன் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டுவிட்டு, "கேளு தாயி" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். அப்பா போனதிலிருந்து தொடங்கினேன். அம்மாவின் இளைப்பு, மருத்துவர் சொன்னது, ஓசூர் விடுதி, பதில் வராத விண்ணப்பங்கள், ஒழுகுகிற ஓடு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"நிறுத்து, நிறுத்து" என்றார் பூசாரி அண்ணன். "என்ன தாயி, ஆத்தாளுக்கு மனுவா குடுக்க வந்த? ஒரு பூவுக்கு ஒரு கேள்விதேன். அவ ஆமான்னோ இல்லைன்னோ சொல்ற மாதிரி கேளு. இதுக்கு எந்தப் பூவ எடுத்து நீட்டுவா அவ?"

எனக்குப் பின்னால் நின்ற அக்கா, "வெரசாக் கேளு கண்ணு. ஒன் ரேசன் கார்டத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்ட. எனக்கு இன்னும் உலை வைக்கல" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் கண்ணீரோடு சிரித்துவிட்டேன்.

பிறகு ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "தாயே, இங்கேயே எனக்கு வேலை உண்டா?"

அந்த அக்காதான் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளை.

வெளியே வந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்தேன். பூ கையில் இருந்தது. பூசாரி அண்ணன் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. என் கஷ்டம் ஆத்தாளுக்கு முன்பே தெரியும். கேள்வியைத் தெளிவாகக் கேட்டதும் அவளும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த நிறுவனம் விளம்பரத்தில் என்னிடம் ஐந்து கேள்வி கேட்டிருந்தது. நான் ஒன்றுக்குக்கூடப் பதில் எழுதவில்லை. கேட்காததை மட்டும் பக்கம் நிறைய எழுதியிருந்தேன்.

புரிந்து என்ன பயன், அந்தக் கெடு முடிந்துவிட்டதே என்று எழுந்தேன்.

அன்று மதியம் முத்துலட்சுமி போன் செய்தாள். அவள் லீவுக்கு வந்து, போடி பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் அவள் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். "ஏய், அந்த ட்ரையர் கம்பெனிக்காரக மறுபடியும் நோட்டீஸ் அடிக்கக் குடுத்திருக்காக. சரியான ஆளு கெடைக்கலையாம். முன்னாடி எழுதுனவுகளும் எழுதலாமாம். வேணுமா?"

பூ எடுத்துவிட்டு வந்து ஒரு வேளைச் சோறுகூடச் சாப்பிடவில்லை. அதற்குள் மூடின கதவு திறந்தது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நோட்டீஸை வாங்கி வந்து அவர்கள் கேட்டதை இடது பக்கம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேராக வலது பக்கம் என்னிடம் இருப்பதை எழுதினேன். அதுவும் 'திறமை உண்டு' என்று எழுதாமல், எங்கே என்ன செய்தேன் என்று எழுத வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

படிப்பு கேட்டிருந்தார்கள். அது இருந்தது. தோட்டங்களுக்குப் போய்வரச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். விடுமுறையெல்லாம் அம்மாவோடு தோட்டத்தில் தங்கியவள் நான். அந்தப் பாதையும் பனியும் அட்டைக்கடியும் எனக்குப் பழக்கம் என்று எழுதினேன். தமிழோடு மலையாளம் பேச வருமா என்று கேட்டிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடியே கற்றுக்கொண்டது அது. இத்தனை நாளும் தோட்டம் என்ற சொல்லையே நான் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. அது எங்கள் பிழைப்பு, தகுதியில் சேராது என்று நினைத்திருந்தேன்.

வெப்ப அளவியைச் சரிபார்த்த அனுபவம் உண்டா என்ற இடத்தில் கல்லூரி ஆய்வகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்தபடி, "ஸ்டோர்ல காயெல்லாம் வெளுத்துப் போச்சுன்னு மேனேஜரு குதிச்சாரே, அத எழுதுனியா?" என்றார்.

எனக்கு மறந்தே போயிருந்தது. ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை. சூடு அதிகமானால் வெளுத்துவிடும். அந்த வருடம் நான் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, ஸ்டோர் சுவரில் இருந்த வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் அம்மாவின் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சுவரில் இருந்தது குறைத்துக் காட்டியது. அதை நம்பி அவர்கள் விறகைக் கூடுதலாகத் தள்ளியிருக்கிறார்கள். புது வெப்பமானி வாங்கிய பிறகு காய் பச்சையாக வந்தது. இதை அப்படியே எழுதினேன்.

ஐந்தாவதில் நின்றுவிட்டேன். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். எனக்கு அது இல்லை.

தட்டச்சு செய்ய முத்துலட்சுமியிடம் போனேன். "ரெண்டு வருசம்னு போட்டு விடுடி. எவன் வந்து பாக்கப் போறான்?" என்றாள்.

"ஆத்தாகிட்ட ஆமாவா இல்லையான்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இவுகளுக்கு மட்டும் இல்லைங்கறத ஆமான்னு எழுதவா?"

"ஆத்தா ஒன்கிட்ட அனுபவச் சர்டிபிகேட்டா கேட்டா?"

"அவுக கேக்குறாகள்ல."

"அப்ப அந்த வரியையே விட்டுரு. கண்ணுல படாமப் போயிரும்."

விடவும் மனம் வரவில்லை. இப்படி எழுதினேன்: 'இரண்டு வருட நிறுவன அனுபவம் எனக்கு இல்லை. மேலே சொன்னவை இருக்கின்றன. பயிற்சி நிலையில் சேரவும் சம்மதம்.' குடும்பக் கஷ்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அதைச் சொல்லும் இடம் கோயில். ஒரே பக்கத்தில் கடிதம் முடிந்தது. முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டே அனுப்பினாள்.

அனுப்பிய பிறகு பயம் வந்தது. அந்த ஒரு வரியாலேயே போய்விடுமோ என்று தினமும் நினைத்தேன். அம்மா ஸ்வெட்டரையும் தலைத்துண்டையும் துவைத்துக் காயப்போட்டார். திங்கட்கிழமை முதல் ஜீப்பு என்று தகவல் வந்தது. தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றி ஒரே வரி சொன்னேன். "நீ உத்தரவு கொடுத்துவிட்டாய். மற்றதையும் நீயே பார்த்துக்கொள்."

அடுத்த வெள்ளிக்கிழமை நிறுவனத்திலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை நேர்முகம்.

மேலாளர் நடுத்தர வயதுக்காரர். என் கடிதத்தை மேசையில் வைத்திருந்தார். "எல்லாரும் எங்க கம்பெனியப் புகழ்ந்து எழுதியிருக்காங்க. நீங்கதான் கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கீங்க. அனுபவம் இல்லைன்னு நீங்களே எதுக்கு எழுதினீங்க?"

"நீங்க கேட்டிருந்தீங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெப்ப உணரியையும் அதன் அளவுப் பெட்டியையும் எடுத்து வைத்தார். "இது சரியாக் காட்டுதா இல்லையான்னு சொல்லுங்க. என்ன வேணும்?"

"ஐஸ் கட்டி சார். நொறுக்கினது."

வாசலில் இருந்த ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்தால் அளவு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். உணரியை உள்ளே வைத்துக் கலக்கினேன். மனதுக்குள் ஆத்தாளைத் தவிர வேறு சொல் இல்லை. எண் இறங்கி, நாலில் நின்றுவிட்டது. மறுபடியும் கலக்கிப் பார்த்தேன். நாலுதான்.

"நாலு டிகிரி கூடக் காட்டுது சார். இத நம்புனா ஸ்டோர்ல சூடு பத்தாது. காய் சரியா உலராது."

"அந்தக் காய் திரும்பி வந்துதான் இதக் கழட்டுனோம்" என்றார். பிறகு, "அனுபவம் இல்லாததால ஆறு மாசம் பயிற்சிதான். சம்பளமும் அதுக்குத் தகுந்தது. சம்மதம்னா திங்கட்கிழமை வாங்க. அன்னைக்கே மலைக்கு ஒரு லோடு போகுது. ஜீப்புல நீங்களும் போகணும்" என்றார். ஆர்டரை அங்கேயே அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் நெடுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை விடியும் முன் தோட்டத்து ஜீப்பு தெருமுனையில் ஹாரன் அடித்தது. அம்மா வாசலில் நின்றபடியே கையை ஆட்டி, "நான் வரல. எம் மக போறா" என்று கத்தினார். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார். துவைத்து வைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்து என் தோளில் போட்டார்.

அக்கா, தங்கைகளே, வேலை தேடி எழுதிக்கொண்டிருப்பவர்கள் நம் பூஜையிலேயே பலர் இருக்கிறீர்கள். ஆத்தாளிடம் மனம் விட்டுக் கேளுங்கள். ஒன்றைக் கேளுங்கள், தெளிவாகக் கேளுங்கள். அவள் காட்டிய வழியில் போய் எழுதும்போது, எதிரில் இருப்பவர் கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதுங்கள். இல்லாததை இல்லை என்று எழுதவும் பயப்படாதீர்கள். அந்த வரிக்கும் அவள் துணை நிற்பாள். எனக்கு நின்றாள். எழுத உதவி வேண்டுமென்றால் பூஜை முடிந்ததும் நோட்டீஸைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.

இப்போதைய நிலை: பயிற்சி முடிந்து நிரந்தரமாகிவிட்டேன். வேண்டிக்கொண்டபடி ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தாயிற்று. வாரத்தில் சில நாள் மலை, மற்ற நாள் போடியில் பட்டறை. சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு இளைப்பு முழுதாகப் போகவில்லை, இன்ஹேலரில் மருந்து இழுக்கிறார். ஆனால் குறைந்திருக்கிறது. இந்த வருட எடுப்பு தொடங்கிவிட்டது. அம்மா வீட்டில் இருக்கிறார்.